லேப் அக்காவின் காம்பரா

மூடப்போகிற கட்டிடத்தின் ஜன்னலை யாராவது துடைப்பார்களா? அந்த அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். வேனை விட்டு நான் இறங்கியபோது அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. முழங்கை தேய்ந்துபோன ஒரு கம்பளிச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு, கையில் நனைத்த பழைய பேப்பர். கண்ணாடியில் என் உருவம் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, சுவரோடு சுவராக நடந்து பின்பக்கம் போய்விட்டார். சற்று நேரத்தில் முன்கதவு உள்ளிருந்து திறந்தது. திறந்தவரைக் காணோம். பூட்டில் சாவிக்கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

என் வேலை ஆய்வுகூடங்களை மூடுவது. மூடுவது என்றால் பூட்டுப் போடுவதல்ல. வருடக்கணக்கில் அங்கே சிந்தியது, ஊறியது, குழாய்க்குள் தங்கியது எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். மேசை, சுவர், தரை என்று ஒவ்வொன்றாகக் கழுவி, திரும்பத் திரும்ப அளந்து பார்த்து, இனி இங்கே மனிதர்கள் பயமில்லாமல் புழங்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கூட்டித் தொடைக்கிற வேலதானே?” என்றார். நான் தட்டிலிருந்த வடையை எடுத்துக் கடித்தேன். அந்தச் சம்பந்தம் வடையோடு முடிந்தது. அதற்குப் பிறகு நானும் யாருக்கும் விளக்கப் போகவில்லை, அறையில் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரம் மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. பெயர் வேண்டாம். தேயிலை மண்ணையும் கொழுந்தையும் சோதித்துப் பார்க்க வெள்ளைக்காரன் காலத்தில் எழுப்பிய கட்டிடம். தகரக் கூரை, பலகைத் தரை, பெரிய ஜன்னல்கள். சோதனைகளெல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டன. கெமிஸ்டுகளும் ஒவ்வொருவராக மாற்றலாகியோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். கட்டிடத்தைத் தோட்டத்திடம் கொடுத்து, பிள்ளைக்காம்பராவாக மாற்றப்போவதாகச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். குழந்தைகள் தரையில் தவழும், விரலை வாயில் வைக்கும். அதனால் வழக்கத்தைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டிடத்தைப் பொறுத்தவரை அப்படித்தான் இருந்தேன்.

அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள் அந்த அக்காதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தத் தரையைக் கூட்டியவர். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பெரியவர்களும் சின்னவர்களும் அவரை லேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கொழும்புக்கு வேலை தேடிப் போன புருஷன் போனவர்தான். பிள்ளை இல்லை. யாருடனும் பேசமாட்டார். நாமாகப் பேச்சுக் கொடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொல்வார். அவர் தேத்தண்ணி கொண்டுவரும்போது கோப்பை சாசரில் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். பாதி தேத்தண்ணி சாசரில்தான் வந்து சேரும். எங்கள் வேன் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, “அக்கா காலையிலேயே போட்டுட்டு வருது போல” என்று கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

நாலைந்து நாள் கழித்து அவராகவே ஒரு கேள்வி கேட்டார். வழக்கம்போல் சுவரைப் பார்த்துத்தான். “ஐயா எந்த ஊருங்க?”

“டிக்கோயாப் பக்கங்க்கா. லயத்துலதான் பொறந்து வளந்தேன்.”

முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “அப்ப தம்பின்னு கூப்புடலாங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டார்.

எங்கள் தொழிலில் கருவியை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும். எங்கே என்ன கொட்டியது, எது எப்போது உடைந்தது என்று பழைய ஆட்களிடம் விசாரிக்க வேண்டும். பதிவேடுகளை நம்பினால் அந்த லேபில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தியதில்லை. கொழும்பில் ஓய்வாக இருந்த ஒரு பழைய கெமிஸ்டுக்கு ஃபோன் பண்ணினேன். “எல்லாத்தையும் சுத்தமாத்தான் வச்சிருந்தோம்” என்றார். யார் சுத்தமாக வைத்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் அக்காவிடம் கேட்டேன். அந்தக் கட்டிடத்தில் அவரை யாரும் எதைப் பற்றியும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு அறையறையாக நடந்து, கால் பெருவிரலால் தரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இந்த இடத்தில் மண்ணின் ஈரம் அளக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்தது. அந்த ஜன்னலடியில் இரண்டு தடவை. இந்தத் தொட்டிக்குள் கழுவி ஊற்றியது எல்லாம் அடியிலேயே நிற்கும், தண்ணீர் போவதே மெல்லத்தான். அவர் காட்டிய இடங்களில் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. உடைந்த குழாய்களிலிருந்து சிந்திய பாதரசம் இடுக்குகளில் கடுகு கடுகாக மின்னிக்கொண்டிருந்தது.

பாதரசத்துக்கு வாசனை கிடையாது. மெல்ல மெல்ல ஆவியாகிக் காற்றில் கலக்கும், மூச்சோடு உள்ளே போகும். குளிரில் அவ்வளவாக எழும்பாது. அதனால் மலைநாட்டில் அளக்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. ஜன்னல்களை அடைத்து, ஹீட்டர் போட்டு, அறை நன்றாகச் சூடான பிறகுதான் கருவியைப் பிடிக்க வேண்டும். பலகைகளை அகற்றினோம், குழாய்களை வெட்டி எடுத்தோம், இடுக்கெல்லாம் கந்தகத் தூள் போட்டுச் சுரண்டினோம், கழுவினோம். மூன்றாவது வாரத்தில் கருவி காட்டும் எண் நாங்கள் விரும்பிய அளவுக்குக் கீழே இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் நான் நின்றிருந்தபோது, பகல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எண் ஏறியது. அவர் போனார், இறங்கியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்து, மறுபடி போட்டேன். அக்கா மறுபடி வந்து தொட்டிப் பக்கம் நின்றார். கருவியை அந்தப் பக்கம் திருப்பினேன், ஏறியது. ஜன்னல் பக்கம் போனார், அங்கே ஏறியது. அந்த எண் அக்காவோடு நடந்துகொண்டிருந்தது. பிறகு வெயில் வந்ததும் அவர் கழற்றி ஆணியில் மாட்டிய கம்பளிச் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கருவி அலறியது.

அன்று மாலை, குப்பைக்குப் போகவிருந்த பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். ஆரம்ப வருடங்களில் அக்காவின் கையெழுத்து உருண்டையாக, அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியாக இருந்திருப்பார். வருடம் போகப்போக எழுத்துகள் கோணின, பிறகு நடுங்கின, பிறகு வரியை விட்டு இறங்கின. கடைசிப் பதிவேட்டில் பெருவிரல் அடையாளம்தான் இருந்தது. எங்கள் கைநூலை எடுத்து, பாதரச ஆவியை நீண்ட காலம் சுவாசித்தால் என்ன ஆகும் என்ற பக்கத்தை வாசித்தேன். கை நடுக்கம், ஈறு வீக்கம் என்பதெல்லாம் எனக்கு முன்பே மனப்பாடம். அதற்குக் கீழே இருந்த வரியை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஆட்களைக் கண்டால் மிதமிஞ்சிய கூச்சம், யாராவது பார்த்தாலே தவிப்பு, ஒதுங்கியே இருத்தல். அதை மூன்று தடவை வாசித்தேன். இத்தனை காலம் ஒரு தோட்டமே அந்த மனுஷியின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நோயின் அடையாளம். பாவம், அவரும் அதைத்தான் தன் சுபாவம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் பின்படிக்கட்டில் உட்கார வைத்து, வீட்டில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“கூட்டும்போது பலக இடுக்குல மின்னுங்க தம்பி. கோழி றெக்கையால தள்ளித் தள்ளிக் கடுதாசியில ஏத்திச் சேத்து கெமிஸ்டய்யாகிட்ட குடுத்தேன். நீயே எங்கயாச்சும் போட்டுருன்னாங்க. கொட்ட மனசு வரல. ரசம் சிவனோடதுன்னு கோயில் பூசாரி சொல்லியிருக்காரு. ஒரு போத்தல்ல ஊத்தி சாமி தட்டுல வச்சேன். மொத வெள்ளிக்கெழம பித்தளத் தாம்பாளத்துல ஊத்தி வெளக்கேத்துனேன். தாம்பாளமே வெள்ளியா மாறிருச்சு. சாமி நம்மளயும் பாத்துருச்சுன்னு அழுதுட்டேன்.”

பித்தளையில் பாதரசம் பட்டால் அப்படித்தான் வெளுக்கும். அதை நான் சொல்லவில்லை. அவர் தொடர்ந்து பேசினார். மூன்று வாரத்தில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்று பேசியதில் பாதி இருக்காது. “அப்புறம் நெதமும் வெளக்குக்கிட்ட ஒரு பீங்கான் தட்டுல ஊத்தி வச்சுக்குவேன். வெரலால கலைச்சா நூறாப் போயிரும். தட்டச் சாய்ச்சா மறுபடியும் ஒன்னாச் சேந்துக்கும். அதப் பாத்துக்கிட்டே இருந்தா நேரம் போறதே தெரியாதுங்க.”

ஜன்னலில்லாத ஓரறைக் காம்பரா, பக்கத்தில் அடுப்பு, தட்டுக்கு அருகில் எரியும் விளக்கு. லேபில் எந்தக் குளிர் மற்றவர்களைக் காப்பாற்றியதோ, அந்தக் குளிர் அவருடைய காம்பராவில் இல்லை. எடுத்துச் சொன்னேன். கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப இந்தக் கை ஆடுறது?”

“அதனாலதாங்க்கா.”

“ஆளுங்களக் கண்டா எனக்கு ஒதறல் எடுக்கிறது?”

“அதுவும்தான்.”

கையை மடியில் இறக்கினார். “அப்ப நான் இப்புடிப்பட்டவ இல்லியா தம்பி?” என்று கேட்டார்.

காம்பராவைச் சுத்தம் செய்ய ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார். “ஆளுங்க மலைக்குப் போனப்புறம் வாங்க தம்பி. காலையில பேர் கூப்புடுற பெரட்டு முடிஞ்சு எல்லாரும் போயிட்டா லயத்துல ஒரு குருவி இருக்காது. லேபுல எடுத்தவன்னு பேரு வாங்கிட்டு, அப்புறம் இந்த லயத்துல நான் எப்புடி இருப்பேன்?” வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. கருவி திங்கட்கிழமை கொழும்பில் வேறொரு வேலைக்கு வேண்டியிருந்தது. ஆட்களும் ஞாயிறு மட்டும்தான் கிடைத்தார்கள். இரண்டு நாள் தவணை கேட்டிருக்கலாம். மேலதிகாரி முகம் சுளிப்பாரே என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். விதிப்படி வெள்ளை முழு அங்கி, முகமூடி, மஞ்சள் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நான்கு பேர் லயத்துக்குள் நடந்தோம். தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். கொரோனா காலத்தில் அந்த அங்கியை அவர்கள் பார்த்திருந்தார்கள். அது வந்தால் ஆளைக் கொண்டுபோகும் என்று தெரியும். வாசலில் குறுக்கே நாடா கட்டினோம். பாய், தலையணை, சேலைகள், சாமி படங்கள், அந்தத் தாம்பாளம், எல்லாவற்றையும் தடித்த பைகளில் போட்டுக் கட்டி வெளியே வைத்தோம். போத்தலை நானே எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் போத்தல், அத்தனை கனமாக இருந்தது. சிமெந்துத் தரையின் வெடிப்புகளைச் சுரண்டிக் கழுவி, மருந்து போட்டு, மறுபடியும் கழுவி, சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு மணி நேரத்தில் லயம் முழுக்க எதிரே கூடிவிட்டது.

“ஒட்டுற வியாதிங்களா?” என்று அடுத்த காம்பராப் பெண் பிள்ளையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்.

“இல்லீங்க, ஒட்டாது” என்றேன். சொல்லிக்கொண்டே, மஞ்சள் கையுறை போட்ட கையால் அவரை நாடாவுக்கு அப்பால் தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் எதை நம்பியிருப்பார்?

அக்கா லயத்தின் கோடியில் ஒரு பலாமரத்தடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். அவமானம் வேண்டாமென்று, ஃபெக்டரிப் பாதையால் சுற்றி யாருக்கும் தெரியாமல் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நாள் அங்கே இருந்தார். அதற்குள் கருவியும் கொழும்பிலிருந்து திரும்பி வந்து, லேப் கட்டிடத்துக்கும் அவருடைய காம்பராவுக்கும் நல்ல எண்கள் கிடைத்தன. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன்.

எட்டு மாதம் கழித்து நுவரெலியாவில் ஒரு வேலை வந்தபோது போய்ப் பார்த்தேன். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நம்ப முடியவில்லை, அக்கா பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி விட்ட குறட்டையைச் செய்து காட்டினார். நர்ஸுக்குத் தான் சிங்களத்தில் கொடுத்த பதிலைச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு கேலிக்காரி வெளியே வந்திருந்தார். பெயர் எழுதிக் காட்டினார், எழுத்து வரியிலேயே நின்றது. சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னார்.

“வாய் தெறந்துருச்சு தம்பி, பேசத்தான் ஆளில்ல. பீலியில நான் கொடம் வச்சா, எடுத்துட்டுப் போற வரைக்கும் எல்லாம் தள்ளி நிக்குதுங்க. கல்யாணத்துக்குப் பாக்கு வைக்க வந்தவங்க என் காம்பராவத் தாண்டிப் போறாங்க. பிள்ளைக்காம்பராவுல ஆயா வேல கேட்டேன். தாய்மாரு ஒத்துக்கமாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. முந்தி நானா ஒதுங்கி இருந்தேன், அது வலிக்கல. இப்ப வலிக்குது.”

நான் ஏதோ ஆறுதலாக, போகப்போகச் சரியாகும் என்றேன். அவர் கையை ஆட்டி மறித்தார்.

“சரியாவாது. காம்பராவ எல்லாரும் பாக்கக் கழுவுனீங்க. என்னய மட்டும் பின்பாதையில கூட்டிட்டுப் போயிட்டீங்க. நான் சுத்தமாயிட்டேன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? ஒன்னு செய்யிங்க தம்பி. ஒரு ஞாயித்துக்கெழம அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க. பீலிக்கிட்ட என்னய நிக்க வச்சு, அந்த மெசின என் மேல புடிச்சுக் காட்டுங்க. அப்புறம் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, எங்கூட ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னுங்க. போதும்.”

அதைவிடத் தெளிவான ஒரு திட்டத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் போட்டதில்லை. கட்டாயம் வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு திருகோணமலையில் ஒரு வேலை, காலியில் ஒரு வேலை. கருவியைச் சொந்தக் காரியத்துக்கு எடுப்பது எப்படி என்ற தயக்கம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஃபோன் பண்ணுவார். முதலில் எடுத்தேன். வாக்கு நினைவுக்கு வரும் என்பதாலேயே பிறகு சில தடவை எடுக்காமல் மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தனி ஆளின் ஃபோனை எடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் நானாகவே அழைத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழிகளிலும் சொன்னது.

அடுத்து வந்த ஞாயிறே புறப்பட்டேன். கருவியை மேலதிகாரியிடம் கேட்டேன். காரணத்தைக்கூட விசாரிக்காமல் கொடுத்துவிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. புதிய அங்கி ஒன்றும் பைக்குள் இருந்தது. ஹட்டனில் பஸ் மாறி, பதினொரு மணிக்கு லயத்தில் இறங்கினேன். பீலியில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் காம்பராக் கதவு பச்சை நிறமாக மாறியிருந்தது. திறந்த கதவுக்கு உள்ளே, நாங்கள் சுரண்டிக் கழுவிய அந்தத் தரையில், ஒரு கைக்குழந்தை வயிற்றால் நகர்ந்து, கீழே கிடந்த பிஸ்கட் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அதன் தாய் முறத்தோடு எழுந்து வந்தார். இளம் பெண், முன்பு நான் பார்க்காதவர்.

“லேப் அக்கா இருக்காங்களா?” என்றேன்.

“அவங்க கொழும்புப் பக்கம் வீட்டு வேலைக்குப் போயிட்டாங்களே. ரெண்டு மாசமாச்சுங்க.”

“எந்த எடம்னு யாருக்காவது தெரியுங்களா?”

“சொல்லிட்டுப் போறதுக்கு அவங்களுக்கு யாரோடயும் பேச்சு வார்த்த இல்லியேங்க.” குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுவீட்டுக்காரிக்கு உரிய பெருமையோடு சொன்னார். “இந்தக் காம்பராவுக்கு எத்தன பேரு போட்டிங்கிறீங்க! எங்க மாமா, காம்பரா பங்கிடுற கண்டாக்கையாகிட்ட நடையா நடந்து வாங்குனாரு. கொழும்புலருந்து கம்பெனிக்காரங்களே வந்து கழுவிக் குடுத்த காம்பரா இது ஒன்னுதானே. இந்த லயத்துலயே இவ்வளவு சுத்தமான காம்பரா கெடையாதுங்க.”

நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பையின் வார் தோளை அறுத்தது. அந்தப் பெண் என் தயக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பயப்படாம உள்ள வாங்க. இங்க இப்ப ஒன்னும் இல்லீங்க.”